மடியில் படப் புத்தகம்: பெங்களூர்த் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் சின்னக் குழந்தை வைத்திருக்கும் தமிழ் வீடுகள் நிறைய. சாயங்காலம் பிள்ளைகளைக் கீழே விளையாட விட்டுவிட்டு நிற்கும்போது படப் புத்தகம் பற்றிய பேச்சு எப்படியாவது வந்துவிடும், வந்தால் இந்தக் கேள்விகள்தான். என் மகளுக்கு இப்போது இரண்டரை வயது, புத்தகம் என்றால் உயிர், அதனால் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். படித்துத் தெரிந்துகொண்டதையும் வீட்டில் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று வயதுக்குள் புத்தகம் பாடம் நடத்த வேண்டியதில்லை. குழந்தை தானாக அதை எடுத்துக்கொண்டு உங்கள் மடியைத் தேடி வந்தால் போதும். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த நினைப்பில் எழுதியவைதான்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? எட்டு மாசத்துக்கு என்ன புரியும்?

எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். கைக்குழந்தையாக இருக்கும்போதே வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் டாக்டர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே சொல்லிவிட்டது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெரியும், அதுவும் கறுப்பும் வெள்ளையும் மாதிரி பளிச்சென்று பிரிந்த நிறங்கள். ஆறு மாசம் தாண்டி உட்கார ஆரம்பித்ததும் கை புத்தகத்துக்குப் போகும். எட்டு மாசத்தில் கதை புரியாது, சரி. உங்கள் குரல் ஏறி இறங்குவது புரியும், மடிச்சூடு புரியும், பக்கம் திருப்பினால் வேறொன்று வருகிறது என்பது புரியும். அந்த வயதுக்கு அதுவே நிறைய.

ஒன்றரை வயது ஆகிவிட்டது, இன்னும் ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட ஒன்றுமே இல்லை, இன்றைக்கு ஆரம்பியுங்கள்.

வாயில் வைத்துக் கடிக்கிறான். பிடுங்கி வைத்துவிடலாமா?

வேண்டாம். எந்தப் பொருளாக இருந்தாலும் முதலில் வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் அந்த வயது, புத்தகத்துக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது. கனமான அட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ கொடுத்துவிட்டு, முனை ஊறிப் பிய்ந்து துண்டாக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். துண்டு வந்தால் தொண்டையில் சிக்கும், அந்தப் புத்தகத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்றும் செய்வார்கள், பார்த்திருப்பீர்கள். படத்தில் ஒரு பந்து இருந்தால் விரல்களைக் குவித்து அதைக் கிள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். என் மகள் ஒன்பது, பத்து மாசத்தில் ஒரு மாம்பழப் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பாள், வரவில்லை என்றதும் என் முகத்தைப் பார்ப்பாள். ஜூடி டெலோச் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 1998-ல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார்: ஒன்பது மாசக் குழந்தைகள் படத்தை நிஜப் பொருள் மாதிரி பிடிக்கப் பார்க்கிறார்கள், பத்தொன்பது மாசத்துக்குள் அது போய், விரல் நீட்டிக் காட்டிச் சத்தம் கொடுக்கிறார்கள். தாளில் இருப்பது பொருள் அல்ல, பொருளின் படம் என்பதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுபிடிக்கிறது. எவ்வளவு பெரிய விஷயம் இது! அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள், சுரண்டட்டும்.

ஒரு பக்கத்தில் நிற்பதே இல்லை. பாதியில் இறங்கி ஓடிவிடுகிறாள். பிடிக்கவில்லையோ?

ஓடட்டும். ஒரு வயதுக் குழந்தைக்கு இரண்டு, மூன்று நிமிஷம் என்பதே நீண்ட நேரம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போய்க் கடைசிப் பக்கத்தில் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குள்ள பழக்கம், அவளுக்கு அது தெரியாது. பின்னாலிருந்து திருப்புவாள், தலைகீழாகப் பிடிப்பாள், ஒரே பக்கத்தைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடுவாள். எல்லாமே புத்தகத்தோடு பழகுவதுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டிருக்கும் வளர்ச்சிப் பட்டியலில் பதினெட்டு மாசத்துக்கு என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? உங்களோடு சேர்ந்து புத்தகத்தில் சில பக்கங்கள் பார்ப்பது, அவ்வளவுதான். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்புவது முப்பது மாசத்தில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நாலைந்து பக்கம் சேர்ந்து புரண்டால் அது விரலுக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரவில்லை என்பதால்தான்.

இழுத்து உட்கார வைத்து முடித்தே தீருவேன் என்று மட்டும் நிற்காதீர்கள். புத்தகத்தைக் கண்டாலே ஓடும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், விசாரித்தால் அனேகமாக யாராவது இழுத்துப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள்.

எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பதா, படத்தைக் காட்டிப் பேசுவதா?

இரண்டு வயது வரைக்கும் என் ஓட்டு பேசுவதற்குத்தான். எழுத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, தாளக்கட்டோடு வரும் வரியாக இருந்தால் அதை அப்படியே சொல்வதில் தனி ருசி இருக்கிறது, குழந்தை அடுத்த வரிக்காகக் காத்திருந்து ஆடும். ஆனால் வரி முடிந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடாமல் அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள்.

எப்படி என்று ஒரு பக்கத்தை வைத்தே சொல்கிறேன். மழையில் ஒரு பூனை திண்ணையில் ஒதுங்கி நிற்கிற படம். எழுத்து ஒரே வரி, பூனை நனைந்துவிட்டது என்று. வாசித்துவிட்டுச் சும்மா இருந்தேன். மகள் பூனையைப் பார்க்கவே இல்லை, மூலையில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைக் காட்டி “தண்ணி” என்றாள். “ஆமா, தண்ணி சொட்டுது, சொட் சொட்டுன்னு சொட்டுது” என்றேன். உடனே அவள் “சொட்டு சொட்டு” என்று சொல்லிக்கொண்டு எழுந்துபோய்ப் பால்கனியில் காயப்போட்டிருந்த துணியைக் காட்டினாள், அதிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூனைக் கதை அன்றைக்கு அதற்கு மேல் நகரவில்லை, நானும் நகர்த்தவில்லை. குழந்தை எதைக் காட்டுகிறதோ அதைப் பற்றிப் பேசினால் போதும், அது சொன்ன ஒரு சொல்லோடு இன்னும் ஒன்றிரண்டு சேர்த்துத் திருப்பிச் சொன்னால் போதும்.

இதைக் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1988-ல் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இந்த மாதிரிப் படம் பார்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். வெறுமனே வாசித்துவிட்டுப் போகாமல் “அது என்ன பண்ணுது?” என்று கேட்பது, குழந்தை சொல்வதை நீட்டித் திருப்பிச் சொல்வது, சொன்னதைப் பாராட்டுவது, இவ்வளவுதான் அதில். ஒரு மாசத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னால் போயிருந்தது.

ஆனால் கேள்வி கேட்பதிலும் ஒரு அளவு வேண்டும். “இது என்ன, இது என்ன, இது என்ன கலர்” என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டால் அது பரீட்சை. நாலு விஷயம் நீங்களே சொல்லிவிட்டு ஒன்று கேளுங்கள், பதில் வரக் கொஞ்ச நேரம் கொடுங்கள், வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறான். எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும் போல இருக்கிறது.

தெரியும், எனக்கும் சில புத்தகங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆனாலும் மறுக்காதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் என்பவரின் குழு 2011-ல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தது: ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அதில் வந்த புதுச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள், அதே சொற்களை வேறு வேறு கதைகளில் கேட்டவர்களுக்கு அந்த அளவுக்கு வரவில்லை. முதல் தடவை கதை என்ன என்பதிலேயே கவனம் போய்விடுகிறது. அது தெரிந்த பிறகுதான் சொல்லுக்கும் மூலையில் இருக்கும் எறும்புக்கும் நேரம் கிடைக்கிறது.

அதுவும் தவிர, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அந்த வயதில் பெரிய சந்தோஷம். யானை வரப்போகும் பக்கத்துக்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பிப்பார்கள், கவனித்துப் பாருங்கள். உங்களுக்கு அலுத்தால் குரலை மாற்றுங்கள், வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு நில்லுங்கள், அவன் அதை நிரப்புவான். அங்கிருந்து உங்களுக்கும் ஆட்டம் பிடித்துவிடும்.

புத்தகத்தில் “பூனை ஓடுகிறது” என்று இருக்கிறது. வீட்டில் “பூனை ஓடுது” என்றுதானே பேசுகிறோம். எதைச் சொல்வது?

வீட்டுப் பேச்சையே சொல்லுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காதில் விழும் தமிழும் புத்தகத்திலிருந்து வரும் தமிழும் ஒன்றாக இருந்தால்தான் ஒட்டும். உங்கள் வீட்டில் கோயம்புத்தூர்ப் பேச்சு என்றால் அது, நெல்லைப் பேச்சு என்றால் அது, வேலூர், ஆம்பூர்ப் பக்கம் என்றால் அது. இரண்டரை வயதுக்குப் பிறகு எழுதியிருப்பதை அப்படியே வாசித்தும் காட்டலாம், இரண்டையும் தனித்தனியாக அடையாளம் கண்டுகொள்வார்கள். என் மகள் இப்போது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி நடிக்கும்போது மட்டும் “ஓடுகிறது” என்கிறாள், அதைக் கீழே வைத்ததும் “ஓடுது”. யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டில் தமிழ், வேலைக்கு வரும் அக்கா கன்னடம், டே கேரில் இங்கிலீஷ், பார்க்கில் இந்தி. புத்தகமும் வேறு வேறு மொழியில் இருந்தால் குழந்தை குழம்பிவிடாதா?

குழம்பாது. பெங்களூரில் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள், கூடவே “பேச்சு லேட்டாகும், ஒரு மொழியிலேயே பேசுங்கள்” என்று யாராவது சொல்லியும் வைத்திருப்பார்கள். பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. எண்ணும்போது மட்டும் எல்லா மொழியிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ண வேண்டும். “பால்” தமிழில், “நீரு” கன்னடத்தில், “பால்கனி” இங்கிலீஷில் என்றால் அது மூன்று சொல். தமிழை மட்டும் எண்ணிவிட்டு ஒன்றுதான் தெரிகிறது என்று பயப்படக் கூடாது.

அதனால் எந்த மொழிப் புத்தகமாக இருந்தாலும் வீட்டில் வைத்திருங்கள். இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொல்லத் தடை ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டில் பாதிப் புத்தகம் அப்படித்தான். வேலைக்கு வரும் அக்காவும் பத்து நிமிஷம் உட்கார்ந்து அதே படத்தைக் காட்டிக் கன்னடத்தில் சொன்னால் இன்னும் நல்லது. இந்த ஊரில் வளரும் குழந்தைக்குக் கன்னடம் மடியிலேயே வந்துவிட்டால் எவ்வளவு லாபம்!

ஆனால் ஒன்று. வெளியே மற்ற மொழிகள் தானாகவே காதில் விழும், தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். டே கேர் போக ஆரம்பித்ததும் அதன் பங்கு குறைந்துகொண்டே வரும். ராத்திரி மடியில் புத்தகத்தோடு உட்காரும் அந்த நேரத்தையாவது தமிழுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. நான் என்ன செய்வது?

உங்களை மாதிரி இந்த ஊரில் ஏராளமானவர்கள் இருக்கிறார்கள், உல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கமெல்லாம் மூன்று நாலு தலைமுறையாகத் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர்கள். உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த வயதுக்கு எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன, படங்களே கதையைக் கொண்டுபோகும், வாயால் சொல்ல வேண்டியது மட்டும்தான் உங்கள் வேலை. எழுத்து உள்ள புத்தகத்திலும் அதையே செய்யலாம் என்று மேலே சொல்லிவிட்டேன். சொல்லப்போனால் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பவர்களைவிட நீங்கள் படத்தை அதிகம் பார்ப்பீர்கள், குழந்தையும் அங்கேதான் பார்க்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இதே பதில்தான். ஒரு காக்காய்ப் படத்தை வைத்து அரை மணி நேரம் பேசும் பாட்டிகளை எனக்குத் தெரியும்.

எப்படிப்பட்ட புத்தகம் வாங்க வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பெரிய படம், தெளிவான கோடு, பின்னால் நெரிசல் இல்லாமல். இரண்டு வயதுக்குள் நிஜத்துக்கு நெருக்கமான படங்களும் போட்டோக்களும் நன்றாக வேலை செய்கின்றன, படத்தில் பார்த்ததை வெளியில் பார்க்கும்போது சட்டென்று பொருத்திக்கொள்ள முடிகிறது. ஊதா நிறத்தில் சட்டை போட்ட யானை அப்புறம் வரட்டும்.

பட்டனை அமுக்கினால் பாட்டு வருவது, திறந்து மூடும் மடிப்புகள் நிறைய உள்ளது, இவற்றையெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வாங்கினால் தப்பில்லை. ஆனால் அவற்றில் கை முழுக்க அந்தப் பட்டனிலும் மடிப்பிலும்தான் இருக்கும், படத்தில் என்ன இருக்கிறது என்பதில் கவனம் போகாது. சிந்தியா சியோங்கும் டெலோச்சும் 2013-ல் செய்த ஆராய்ச்சியிலும், இழுத்துத் தள்ளும் வேலைப்பாடு உள்ள புத்தகத்தில் எழுத்து கற்ற சின்னக் குழந்தைகளைவிடச் சாதாரணப் புத்தகத்தில் கற்றவர்களுக்குத்தான் நன்றாக வந்தது.

ஒரே பக்கத்தில் முப்பது பழம், முப்பது வாகனம் என்று கட்டம் கட்டி அடுக்கியிருக்கும் புத்தகங்கள் எங்கே பார்த்தாலும் விற்கின்றன. ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் அது மட்டும் போதாது. அதில் யாரும் எதுவும் செய்வதில்லை, பேச ஒன்றும் இருக்காது. ஒரு குழந்தை குளிக்கிறது, ஒரு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, இப்படி ஏதாவது நடக்கிற படம்தான் வாயைத் திறக்க வைக்கும். அப்புறம், நம் வீடு தெரிய வேண்டும். ஆட்டோ, இட்லிச் சட்டி, கோலம், தென்னை மரம், காக்கா. பனிமனிதனை மட்டுமே பார்த்து வளர வேண்டிய அவசியம் பெங்களூர்க் குழந்தைக்கு இல்லை.

வீட்டிலேயே ஒன்று செய்துவிடலாம் என்பதையும் சொல்கிறேன், இதுதான் என் மகளுக்கு இன்றைக்கும் முதல் இடம். தாத்தா, பாட்டி, சித்தப்பா, ஊர் வீட்டு மாடு, எங்கள் வாட்ச்மேன் அண்ணா, அவளுடைய நீல டம்ளர், இவற்றின் போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு, சின்ன ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொடுத்தோம். செலவு குறைவு, கிழியாது, துடைத்துவிடலாம். ஊருக்குப் போய் இறங்கியதும் நிஜ மாட்டைப் பார்த்துவிட்டு ஆல்பத்தை எடுத்துவரச் சொல்லி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பெங்களூரில் தமிழ்ப் படப் புத்தகம் எங்கே கிடைக்கிறது?

கடையில் நேராகப் போய் எடுப்பது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996-லிருந்து குழந்தைகளுக்குப் போடுகிறது, தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகங்கள் அவர்களிடம் உண்டு, ஒருவர் தமிழ் படிக்க இன்னொருவர் படிக்கத் தெரியாத வீட்டுக்கு ரொம்ப வசதி. பிரதம் புக்ஸ் இந்த ஊரிலேயே 2004-ல் தொடங்கியது, விலையும் கையைக் கடிக்காது. அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளம் 2015-ல் வந்தது, அதில் தமிழ்க் கதைகள் நிறைய இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. முதல் நிலைக் கதைகளை எடுங்கள், ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட்டும் தமிழில் குழந்தைகள் புத்தகம் போடுகிறது, மெல்லிய தாள்தான், ஆனால் நல்ல படங்கள், கம்மி விலை. இரண்டு வயது தாண்டியவர்களுக்குச் சரி.

உல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது, ஒரு தடவை குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். இங்கிலீஷ் அட்டைப் புத்தகம் என்றால் சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வோர்ம் மாதிரிக் கடைகளில் பழைய புத்தகம் பாதி விலைக்கும் கீழே சில சமயம் கிடைக்கும், குனிந்து கீழ்த்தட்டுகளையும் தேட வேண்டும். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் கப்பன் பார்க்கையும் சேர்த்துப் போனால் ஒரு நாள் போய்விடும்.

போனிலோ டேப்பிலோ கதை போட்டுவிட்டால் ஆகாதா? அவளே பார்த்துக்கொள்கிறாள்.

அந்த “அவளே பார்த்துக்கொள்கிறாள்” என்பதில்தான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது, இரண்டு வயதிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்களோடு சேர்ந்து வாசிப்பதும் கதை சொல்வதும் நடக்கட்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

காரணம் என்ன என்று கேட்டால், பேச்சு மனிதர்களிடமிருந்துதான் குழந்தைக்கு வருகிறது. பேட்ரிஷியா கூல் என்பவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது. ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் வாசித்து விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே விஷயம், டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. குழந்தை விரல் நீட்டும் இடத்தைத் திரை பார்ப்பதில்லை, நீங்கள் பார்க்கிறீர்கள்.

தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் வராது, அது தாராளமாக நடக்கட்டும். ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே பாட்டி பக்கத்தைத் திருப்பும்போது இங்கே மடியில் வைத்து நீங்களும் திருப்பலாம். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இதுதான் நடக்கிறது, என் மாமியார் நாய் குரைப்பது மாதிரி குரைத்தால் இங்கே இவளும் குரைப்பாள்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ரிங் ரோடு டிராஃபிக்கில் நின்று வீடு வந்து சேரவே எட்டு மணி. எப்போது படிப்பது?

பத்து நிமிஷம் போதும், அதுவும் ஒரே மூச்சில் இல்லாமல் இருக்கலாம். காலையில் பால் குடிக்கும்போது ரெண்டு பக்கம், ராத்திரி படுக்கையில் ஒரு புத்தகம். சோறு ஊட்டும்போது மட்டும் வேண்டாம், புத்தகத்தைக் காட்டி வாயில் திணிக்கும் பழக்கம் வந்தால் இரண்டும் கெட்டுப்போகும். அப்பாக்கள் லேட்டாக வந்தாலும் படுக்கப்போகும் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம், எங்கள் வீட்டில் அது அப்பா வேலை, நான் படித்தால் “அப்பா மாதிரி” படிக்கச் சொல்லி அதட்டல் வேறு.

புத்தகத்தை அலமாரியில் உயரத்தில் அடுக்காதீர்கள். தரையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அட்டை முகம் தெரிகிற மாதிரி ஆறேழு புத்தகம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கண்ணில் படுவதைத்தான் எடுப்பார்கள்.

கிழித்துவிடுகிறான்.

அகலமான செல்லோடேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து “புத்தகத்துக்குக் காயம், மருந்து போடலாமா” என்று சொல்லி ஒட்டினால் கொஞ்ச நாளில் அவனே கிழிந்ததைக் கொண்டுவருவான். கிழிக்கத்தான் ஆசை என்றால் பழைய தினத்தந்தி கொடுங்கள். மெல்லிய தாள் புத்தகங்கள் உங்கள் கையில் இருக்கும்போது மட்டும் வெளியே வரட்டும்.

அடுத்த வருஷம் பிளே ஸ்கூல். அ, ஆ, ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுக்க வேண்டாமா?

இரண்டு வயதில் வேண்டாம். எழுத்து நாலு வயதிலும் வரும், ஐந்து வயதிலும் வரும். நம் நாட்டின் 2022 அடிப்படைநிலைக் கலைத்திட்டமும் மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ளவர்களுக்கு விளையாட்டு, பேச்சு, கதை, பாட்டு வழியாகக் கற்பதைத்தான் முன்னால் வைக்கிறது. உங்கள் குழந்தை அதற்கும் கீழே. தானாக ஒரு எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டால் சொல்லுங்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒப்பிக்கிறது என்பதற்காகப் படம் பார்க்கும் சந்தோஷத்தைப் பாடமாக மாற்றிவிடாதீர்கள், தயவுசெய்து.

எப்போது டாக்டரிடம் கேட்க வேண்டும்?

புத்தகம் பிடிக்காததற்காகப் போக வேண்டாம், ஓடியாடும் குழந்தைகள் சிலருக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் புத்தகத்தோடு உட்காரும்போது சில விஷயங்கள் நன்றாகத் தெரியவரும், அதைக் கவனியுங்கள். ஒன்றரை வயதில் எதையும் உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுவதில்லை, அம்மா அப்பா தவிர வேறு சொல்லே வரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். இரண்டு வயதில் “நாய் எங்கே?” என்றால் புத்தகத்தில் காட்டுவதில்லை, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை என்றாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே இல்லை என்றாலும், முன்பு சொன்ன சொற்கள் நின்றுபோனாலும் கேட்க வேண்டும். “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும், நீங்கள் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். மைசூரில் 1965-லிருந்து அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது, பெங்களூரிலிருந்து காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம்.

வளர்ந்த பிறகு பழைய புத்தகங்களை என்ன செய்கிறீர்கள்?

கடித்து ஊறிப்போனதைத் தூக்கிப்போட்டுவிடுகிறோம். நன்றாக இருப்பவை குடியிருப்பில் அடுத்த குழந்தைக்குப் போகும், மீதி பக்கத்து அங்கன்வாடிக்கு. கொடுப்பதற்கு முன்னால் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது. சில புத்தகங்களை இரண்டு மாசமாகத் தொடாமல் இருந்துவிட்டு நாம் பையில் போட்டதும் ஓடிவந்து எடுத்துக்கொள்வாள், அதையெல்லாம் கூடையில் திரும்பப் போட்டுவிடுகிறோம்.